சிவப்புக் கையுறை

கெர்க்கினி ஏரியில் ஜனவரி.
பேட்டரிகளை அக்குளில் இடுக்கி வைத்திருக்கிறேன்
அடைகாப்பவன் போல.
அனெஸ்திஸ் மோட்டாரை அணைக்கிறான்.
மூடுபனிக்குள் எங்கோ எருமைகள் கனைக்கின்றன.

படகின் நடுவே நீல வாளி.
வாளி நிறைய, சந்தையில் விலைபோகாத பொடிமீன்.
படகுக்கு ஒரு கூலி, மீனுக்குத் தனி.

கூழைக்கடா வருமுன்
அதன் சத்தம் வருகிறது,
ஈரக் கம்பளியை யாரோ உதறுவதுபோல.
பிறகு அந்த உடல்.
பத்துக் கிலோவைக் காற்றின்மேல் வைத்துவிட்டு
வைத்ததையே மறந்துவிட்ட உடல்.
பிடரியில் சுருள்மயிர்,
அலகுக்குக் கீழே
பழுத்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு பை.

முதல் ஒரு மணி நேரம்
நான் எடுத்தவை:
நுனியில்லாத இறக்கை, தலையில்லாத கழுத்து,
வால், வானம், மறுபடி வானம்.
நொடியை இரண்டாயிரமாக நறுக்கியும்
பத்தடி அகலத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
ஒன்று என் தொப்பியை உரசிக்கொண்டு போனது.
அந்தப் படத்தில் இருப்பது வெறும் சாம்பல் நிறம்.
யாருக்கும் காட்டியதில்லை,
அழிக்கவும் இல்லை.

அனெஸ்திஸ் கையை உயர்த்துகிறான்.
முழங்கைவரை சிவப்பு ரப்பர் கையுறை.
‘வலையைக் கிழிக்கிற களவாணிகள்’ என்று
திட்டிக்கொண்டே
வாளிக்குள் துழாவி
பெரிய மீனாகப் பார்த்துப் பொறுக்குகிறான்.

பல்செட் செய்வது என் பிழைப்பு.
அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணை உறுத்தும்.
தெசலோனிகி திரும்பி
இரண்டாயிரத்து முந்நூறு படங்களைத் திறந்தால்
நன்றாக வந்த ஒவ்வொன்றிலும்
இடப்பக்க மூலையில்
ஒரு சிவப்புத் துண்டு.

வெட்டினேன்.

துறைமுகக் கிடங்கில் கண்காட்சி.
சுவர் அகலத்துக்கு விரிந்து
பறவை
சட்டகத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறது.
‘முடிவின்மையைப் பார்க்கிறது’ என்றார்
ஒயின் கோப்பையோடு ஒருவர்.
‘என்ன ஒரு தனிமை’ என்றாள் அவர் மனைவி.
நான் தலையாட்டினேன்.
எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அனெஸ்திஸும் வந்திருந்தான்
இஸ்திரி போட்ட சட்டையில்
மனைவி பார்த்தேனாவோடு.
வெகுநேரம் நின்றான்.
‘என் கை எங்கே?’
பார்த்தேனா சிரித்துவிட்டாள்.
அவன் சிரிக்கவில்லை.
‘அது என்னையல்லவா பார்க்கிறது’ என்றான்,
மெதுவாக,
பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்டுவிடாமல்.

அடுத்த குளிர்காலம்.
படகில் வாளி இல்லை.
ஏனென்று நான் கேட்கவில்லை.
பழக்கதோஷத்தில் பறவைகள் பின்தொடர்ந்தன,
துடுப்புக்கால்களால் தண்ணீரை அறைந்தபடி.
‘சும்மா கையைத் தூக்கேன்,
ஒரே ஒரு தடவை’ என்றேன்.
அவன் கையுறையைக் கழற்றி
அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.
‘உன் மாதிரி ஆட்களிடம் பொய் சொல்வேன்.
இவற்றிடம் மாட்டேன்.’

உச்சிவேளையில் பனி விலகியது.
யாரும் கூப்பிடாமல், யாரும் எறியாமல்
கரையோரக் கூட்டம் மேலெழும்பியது.
வெயிலில் சூடான காற்றைப் படிக்கட்டாக்கி
சுற்றிச் சுற்றி,
ஒரு சிறகடிப்பும் இன்றி
பல்கேரிய எல்லை மலைக்கும் மேலே.
எண்ணினேன்: நாற்பது.
என் லென்ஸுக்கு எட்டாத உயரம்.
இருந்தாலும் ஒருமுறை அழுத்தினேன்.

இரவு, கணினி கேட்கிறது:
நாற்பத்தோரு தூசுகள் தென்படுகின்றன,
நீக்கிவிடவா?

ஒன்று நிஜமாகவே தூசு.
எதுவென்று தெரியும்வரை
எதையும் தொடுவதாயில்லை.